253 ஜோடிச் சிறுவர்கள்: செய்த உதவி பலித்ததா என்று முப்பது வருடம் கழித்துத் தேடிப் போன ஒரு ஆய்வு

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதன் அச்சு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், இத்தனை தன்னார்வலர்கள் வந்தார்கள், இத்தனை மணி நேரம் உழைத்தார்கள், நடுவில் சிரித்த முகங்களின் படங்கள், கடைசிப் பக்கத்தில் பயனடைந்த ஒருவர் எழுதிய நன்றிக் கடிதம். இதில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயிற்சியால் அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது, அந்தப் பயிற்சியே நடக்காமல் போயிருந்தாலும் அந்த மாற்றம் வந்திருக்குமா என்று கேட்டால் அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் பதில் இருக்காது.

இந்தக் கேள்வியை யாராவது கடைசிவரை விடாமல் துரத்தினால் என்ன கிடைக்கும்? அதற்கு எனக்குத் தெரிந்து கேம்பிரிட்ஜ்–சாமர்வில் இளைஞர் ஆய்வைவிட நல்ல உதாரணம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1930களில் தொடங்கிய வேலை அது. பழைய கதைதான், ஆனாலும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிற எந்தத் தன்னார்வலரும் இதை ஒருமுறை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிணப் பரிசோதனை செய்து பார்த்த டாக்டர்

திட்டத்தை ஆரம்பித்தவர் ரிச்சர்ட் கிளார்க் கேபட். ஹார்வர்டில் மருத்துவமும் சமூக அறவியலும் சொல்லிக்கொடுத்தவர். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1905இலேயே நோயாளிகளின் வீட்டு நிலைமையைக் கவனிக்கச் சமூகப் பணியாளரை நியமித்தவர். வீட்டில் சாப்பாடு இல்லாதவனுக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று யோசிக்கிற ஆள்.

அவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. டாக்டர்கள் உயிரோடு இருந்த நோயாளிக்கு என்ன நோய் என்று சொன்னார்கள், இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது உண்மையில் என்ன இருந்தது, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 3,000 பிணப் பரிசோதனைகளை ஆராய்ந்து 1912இல் வெளியிட்டார். நல்ல மருத்துவமனையில் நல்ல டாக்டர்கள் நம்பிக்கையோடு சொன்ன எத்தனையோ கணிப்புகள் தவறாக இருந்தது அதில் வெளியே வந்தது. சக மருத்துவர்களுக்கு அது இனித்திருக்காது. ஆனால் கேபட்டுக்கு அது ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது: செய்தவன் தன் வேலையைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதே, முடிவை வேறு இடத்தில் போய்ப் பார்.

1931இல் அமெரிக்கச் சமூகப் பணி மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது இதையேதான் அங்கே கூடியிருந்த சமூகப் பணியாளர்களிடம் கேட்டார். உங்கள் வேலையின் பலனை ஏதாவது ஒரு வகையில் அளந்து பாருங்கள், மதிப்பிடுங்கள் என்று. சொன்னதோடு நிற்காமல் சில வருடங்களில் தானே ஒரு திட்டத்தில் இறங்கினார்.

நாணயத்தைச் சுண்டிப் பிரித்தார்கள்

பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய இரண்டு ஊர்களிலும் தொழிற்சாலைகள் சூழ்ந்த, நெருக்கடியான, வசதி குறைந்த பகுதிகள் இருந்தன. அங்கிருந்த சிறுவர்கள் பிற்காலத்தில் குற்றச் செயல்களில் இறங்காமல் தடுக்க முடியுமா என்பதுதான் கேபட்டின் கேள்வி. பள்ளிகள், சர்ச்சுகள், போலீஸ், நலத்துறை அமைப்புகள் எல்லாரிடமும் பெயர்கள் கேட்டு வாங்கினார்கள். இதில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். ‘தொல்லை கொடுக்கிற பையன்கள்’ என்று மட்டும் கேட்டிருந்தால் திட்டத்தில் சேர்வதே ஒரு கெட்ட பெயராகிவிடும். அதனால் சாதாரணமான பையன்களின் பெயர்களையும் சேர்த்தே கேட்டார்கள்.

பிறகு ஒவ்வொரு பையனையும், அவன் குடும்பத்தையும், வயதையும், வீட்டுச் சூழலையும், இதுவரை அவன் நடந்துகொண்ட விதத்தையும் பார்த்து, ஒருவனைப் போலவே இருக்கும் இன்னொருவனைக் கண்டுபிடித்து ஜோடி சேர்த்தார்கள். ஒரு ஜோடி அமைந்ததும் நாணயத்தைச் சுண்டினார்கள். ஒருவனுக்கு உதவி, இன்னொருவனிடம் விவரம் மட்டும் வாங்கிக்கொள்வது. கடைசியில் கணக்கில் நின்றது 253 ஜோடிகள், மொத்தம் 506 பையன்கள்.

நாணயம் சுண்டியது குரூரம் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாருக்கும் கொடுக்கப் பணமும் ஆளும் இல்லாதபோது யாரோ ஒருவர் விடுபடத்தான் போகிறார். சிபாரிசு உள்ளவனுக்கோ முதலில் வந்தவனுக்கோ கொடுப்பதைவிடக் குலுக்கலில் கொடுப்பது எவ்வளவோ நியாயம். அதோடு, ஜலதோஷம் மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று சொல்வோமே, அந்தச் சிக்கலை அவிழ்க்க வேறு வழியும் இல்லை. மருந்து சாப்பிடாதவன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.

உதவி 1939இல் தொடங்கியது. பையன்களுக்கு அப்போது 5 முதல் 13 வயதுவரை. கேபட் அதே வருடம் இறந்துவிட்டார், திட்டம் தொடர்ந்து நடந்தது.

கொடுத்த உதவி பேருக்குக் கொடுத்ததாக இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஆலோசகர். சராசரியாக மாதம் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போவார். சராசரியாக ஐந்து வருடங்களுக்கும் மேலாக இது நடந்தது. பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவ, மனநல உதவி கிடைத்தது. பலரைக் கோடைக்கால முகாம்களுக்கு அனுப்பினார்கள், சாரணர் இயக்கம் போன்ற அமைப்புகளில் சேர்த்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குப் பையன்களின் விஷயத்தில் குடும்பப் பிரச்சினைகளிலேயே இறங்கி வேலை செய்தார்கள். நடுவில் உலகப் போர் வந்து ஆலோசகர்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது சில பையன்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. மற்றபடி 1945 வரை ஓடிய திட்டம் இது. இன்றைக்கு ஒரு நிறுவனம் இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு நெருக்கமாக ஒரு பையனோடு இருந்தால் நாம் எல்லாரும் கைதட்டுவோம்.

1951இல் முதல் மதிப்பீடு வெளிவந்தது. உதவி பெற்றவர்கள், பெறாதவர்கள் என்ற இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் குற்றப் பதிவுகளில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. அப்போது பலர் சொன்னது, இன்னும் கொஞ்ச காலம் போகட்டும், விதைத்தது பிறகு முளைக்கும் என்பதுதான். நியாயமான பேச்சுதான் அது.

506 பேரைத் தேடி

ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் 1950களிலேயே இந்தப் பழைய கோப்புகளைக் கையில் எடுத்தவர். 1975இல் மறுபடி அதே ஆட்களைத் தேடக் கிளம்பினார். பையன்கள் எல்லாம் நடுத்தர வயதைத் தொட்டிருந்தார்கள். இணையம் கிடையாது. டெலிபோன் புத்தகம், நகர விவரக் கையேடுகள், வண்டிப் பதிவு ஆவணங்கள், கல்யாணப் பதிவு, இறப்புப் பதிவு, சில சமயம் வெறும் ஊகம், இப்படித் தேடி 506 பேரில் 480 பேர் எங்கே இருக்கிறார்கள் அல்லது என்ன ஆனார்கள் என்று கண்டுபிடித்தார்கள். 95 சதவீதம். பயிற்சி முடித்துப் போன மாணவர்களை அடுத்த வருடமே போனில் பிடிக்க முடியாமல் தவிக்கும் அமைப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உழைப்பு என்று புரியும்.

ஆட்கள் கிடைத்ததும் இரண்டு வேலை செய்தார். ஒன்று, அவர்களுக்குக் கேள்விகள் அனுப்பினார். இன்னொன்று, அவர்களிடம் கேட்காமலேயே தெரிந்துகொள்ளக்கூடியதை எல்லாம் நீதிமன்றம், மனநல மருத்துவமனை, குடிநோய் சிகிச்சை மையம், இறப்புப் பதிவு ஆகிய இடங்களிலிருந்து எடுத்தார்.

முதலில் கேள்விகளுக்கு வந்த பதில்கள். உதவி பெற்ற பக்கத்திலிருந்து 113 பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் திட்டம் தங்களுக்கு உதவியது என்றார்கள். என்னை நல்ல வழியில் திருப்பிவிட்டது என்று ஒருவர். மற்ற மனிதர்களை நம்பக் கற்றுக்கொடுத்தது என்று இன்னொருவர். அந்த ஆலோசகர் மட்டும் இல்லை என்றால் நான் ஜெயிலில்தான் இருந்திருப்பேன் என்று எழுதியவரும் உண்டு. இருபது பேருக்கு மேல் தங்கள் பழைய ஆலோசகர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, அவரோடு பேச ஆசைப்பட்டிருந்தார்கள். முப்பது வருடம் கழித்து! ஒரு தன்னார்வலருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா என்று தெரியவில்லை. இங்கேயே நிறுத்தியிருந்தால் ஒரு அருமையான ஆண்டறிக்கை தயார்.

பிறகு பதிவேடுகள். சிறுவர்களாக இருந்தபோது குற்றத்தில் சிக்கியவர்கள் எண்ணிக்கை இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ ஒன்றே. பெரியவர்களான பிறகு ஏதாவது ஒரு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் உதவி பெற்ற பக்கத்தில் 168 பேர், பெறாத பக்கத்திலும் 168 பேர். இதுவரை பூஜ்ஜியம், அவ்வளவுதான். ஆனால் அடுத்தடுத்த அளவுகோல்களில் தராசு சாய்ந்தது உதவி பெற்றவர்களுக்கு எதிராக. குற்றப் பதிவு உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், இரண்டாவது முறையும் குற்றம் செய்தவர்கள் உதவி பெற்றவர்களில் 78 சதவீதம், பெறாதவர்களில் 67 சதவீதம். குடிப்பழக்கத்துக்கு அடிமையான அறிகுறி உதவி பெற்றவர்களிடம் அதிகம். தீவிர மனநோய் அறிகுறியும் அதிகம். இறந்துபோனவர்களை ஒப்பிட்டால், உதவி பெற்றவர்கள் இன்னும் இளம் வயதிலேயே இறந்திருந்தார்கள். ரத்த அழுத்தம், இதய நோய் போன்றவை தங்களுக்கு இருப்பதாகச் சொன்னவர்கள் அவர்களில் அதிகம். சமூகத்தில் மதிப்புக் குறைந்த வேலைகளில் இருந்தவர்களும், வேலையில் திருப்தி இல்லை என்றவர்களும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

ஏழு விஷயங்களில் உதவி பெற்றவர்கள் மோசமாக இருந்தார்கள். மெக்கார்ட் இதை 1978இல் வெளியிட்டார்.

நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஆலோசகரை உண்மையாகவே நேசித்தார்கள், அவர் இல்லாமல் போயிருந்தால் தங்கள் வாழ்க்கை கெட்டிருக்கும் என்று உண்மையாகவே நம்பினார்கள். ஆனால் அவர் இல்லாமல் போன வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பதை அவர்களால் பார்க்க முடியாது. யாராலும் முடியாது. அதைப் பார்க்க நமக்கு இருந்த ஒரே ஜன்னல் நாணயம் சுண்டியபோது மறுபக்கம் விழுந்த அந்த 253 பேர். அவர்களை ஆரம்பத்திலேயே பெயர் எழுதி வைக்காமல் போயிருந்தால் இந்தத் திட்டம் மாபெரும் வெற்றி என்று இன்றைக்கும் பாடம் நடத்திக்கொண்டிருப்போம்.

ஏன் இப்படி ஆனது

மெக்கார்ட் சில காரணங்களை முன்வைத்தார். வெளியிலிருந்து வரும் உதவியைச் சார்ந்தே பழகிய பையன் அது நின்றதும் தடுமாறியிருக்கலாம். வசதியான வீட்டிலிருந்து வந்த ஆலோசகரின் மதிப்பீடுகளுக்கும் அவன் வளர்ந்த தெருவின் நடைமுறைக்கும் இடையில் அவன் மாட்டிக்கொண்டிருக்கலாம். கிடைத்த ஆதரவால் எதிர்பார்ப்பு ஏறி, பிற்காலத்தில் அது நடக்காதபோது ஏமாற்றம் ஆளைத் தின்றிருக்கலாம். அல்லது, ‘எனக்கு உதவி தேவைப்படுகிறது என்றால் என்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது’ என்ற எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம்.

பின்னாளில் அவர் தரவுகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. குடும்பம் நன்றாக ஒத்துழைத்த இடங்களில்தான் பாதிப்பு தெரிந்தது. உதவி நீண்டதாகவும் தீவிரமாகவும் இருக்க இருக்க அது கூடியது. ஆக, உதவி போதவில்லை என்று சமாதானம் சொல்ல வழியில்லை. இன்னொன்று கோடைக்கால முகாம். ஒரு தடவைக்கு மேல் முகாமுக்கு அனுப்பப்பட்ட பையன்களிடம் பாதிப்பு மிக அதிகமாகத் தெரிந்தது. தறிகெட்டுத் திரிகிற பருவத்துப் பையன்களைப் பெரியவர்களின் கண்காணிப்பு குறைந்த ஒரு இடத்தில் ஒன்றாகச் சேர்த்தால், ஒருவன் செய்த சேட்டையை இன்னொருவன் சிரித்து ரசிக்க, அதுவே அவர்களுக்குப் பரிசாகிவிடுகிறது. 1999இல் மெக்கார்டும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை இதை விரிவாக விளக்கியது. முகாம் நடத்துகிற எந்த அமைப்பும் ‘முகாமில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

சந்தேகமும் படத்தான் வேண்டும். வேலை திருப்தி, ரத்த அழுத்தம் போன்றவை பதில் எழுதியவர்கள் தாங்களே சொன்னது. பதில் எழுதியவர்கள் இரண்டு பக்கத்திலும் சுமார் பாதிப் பேர்தான், அதனால் அந்த எண்களை நீதிமன்றப் பதிவு அளவுக்கு நம்ப முடியாது. நிறைய விஷயங்களை ஒப்பிட்டால் சில தற்செயலாகவே ஒரு பக்கம் சாயும். பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் அதே ஆட்களை முதுமைவரை தொடர்ந்து பார்த்தபோது, ஆயுள் விஷயத்தில் தெரிந்த வித்தியாசம் அப்படியே நீடிக்கவில்லை. அதனால் ‘உதவி இவர்களை நாசம் செய்தது’ என்று நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு நல்லெண்ணத்தோடு, இவ்வளவு வருடம் செய்த உதவியில் நன்மை நடந்ததற்கான தடயம் எதிலும் இல்லை, சிலவற்றில் தீமைக்கான தடயம் இருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அதுவே போதும்.

அப்படியானால் வழிகாட்டி வேலையே வீணா?

இல்லை. இந்த இடத்தில் கதையை நிறுத்துபவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். ஏனென்றால் அதே மாதிரியான வேலையை வேறு விதமாகச் செய்து, அதையும் ஒழுங்காக அளந்து, நல்ல பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பில் ஒரு தன்னார்வலரும் ஒரு பிள்ளையும் ஜோடி சேர்க்கப்படுகிறார்கள். அதன் 8 கிளைகளில் 10 முதல் 16 வயதுள்ள 959 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. குலுக்கலில் பாதிப் பேருக்கு உடனே தன்னார்வலர் தேடத் தொடங்கினார்கள், மீதிப் பேரை 18 மாதம் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். அந்த முடிவில் தன்னார்வலர் பக்கத்துப் பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடங்குவது 46 சதவீதமும், மதுவைத் தொடங்குவது 27 சதவீதமும் குறைவாக இருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறத்தாழப் பாதியாகின.

இங்கே கவனிக்க வேண்டியது, யாரையும் நிரந்தரமாக விலக்கவில்லை. காத்திருப்போர் பட்டியல் என்பது எப்படியும் இருக்கத்தான் போகிறது. அதில் யார் முதலில், யார் பிறகு என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள், அவ்வளவுதான். ஒப்பீட்டுக் குழு என்றாலே பயந்து ஒதுங்கும் அமைப்புகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இதே தரவுகளை வைத்து 2002இல் வந்த இன்னொரு ஆய்வு தன்னார்வலர்களுக்கு நேராகவே பேசுகிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த ஜோடிகளில் பிள்ளைகளுக்கு அதிக நன்மை. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன ஜோடிகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தே போயிருந்தது. பிரச்சினை அதிகமுள்ள பிள்ளைகளின் ஜோடிதான் சீக்கிரம் முறியும் என்பதால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு காரண காரியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வாளர்களும் அதைச் சரிக்கட்ட முயன்றிருக்கிறார்கள். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஏற்கனவே வாழ்க்கையில் ஒரு பெரியவர் விட்டுவிட்டுப் போன பிள்ளையிடம் இன்னொரு பெரியவர் வந்து, நான்கு சனிக்கிழமை வந்துவிட்டு, வேலை அதிகம் என்று நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? அறிக்கையில் அந்த நான்கு சனிக்கிழமையும் ‘தன்னார்வ மணி நேரம்’ என்று கூட்டலில்தான் சேரும். கழித்தலில் சேராது.

இந்த மணி நேரக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இன்டிபென்டன்ட் செக்டர் என்ற அமெரிக்க அமைப்பு ஒரு தன்னார்வ மணி நேரத்தின் மதிப்பு என்று வருடாவருடம் ஒரு தொகையை அறிவிக்கிறது. 2023இல் அறிவித்தது 31.80 டாலர். மணி நேரத்தை அதால் பெருக்கி ‘இவ்வளவு டாலர் அளவுக்குச் சமூகத் தாக்கம்’ என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. அந்தத் தொகை சொல்வது, அந்த வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தால் ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்பதை. போட்ட உழைப்பின் விலை அது. கேபட்டின் ஆலோசகர்கள் போட்ட மணி நேரத்தையும் அதால் பெருக்கலாம், பெரிய தொகைதான் வரும்.

நிர்வாகச் செலவு சதவீதமும் அப்படித்தான். நன்கொடை கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான், ஆனால் அது பணம் எங்கே போனது என்று சொல்லுமே தவிர, போன இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லாது. 2013இல் தொண்டு அமைப்புகளைப் பற்றி நன்கொடையாளர்களுக்கு விவரம் தரும் அமெரிக்க அமைப்புகளான கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து, நிர்வாகச் செலவை மட்டும் வைத்துத் தொண்டு நிறுவனங்களை எடை போடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதின. பலனை அளக்க வேண்டுமானால் அதற்கும் ஆள் வேண்டும், பணம் வேண்டும். அது கணக்கில் நிர்வாகச் செலவாகத்தான் ஏறும். அதைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் தாக்கம் எங்கே என்று கேட்பது நியாயமில்லை.

அளந்து பார்த்து நிறுத்தியவர்கள்

ஒருமுறை நிரூபித்துவிட்டால் போதுமா என்றால், போதாது. வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் நெல் நட்ட பிறகு அறுவடைவரை வேலை இல்லாத மாதங்கள் உண்டு, பசியும் கூடவே வரும். 2008இல் ஆய்வாளர்கள் அங்குள்ள குடும்பங்களுக்கு நகரத்துக்குப் போய் வேலை தேட 8.50 டாலர் அளவுக்கு வழிச் செலவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறிய தொகையால் 22 சதவீதக் குடும்பங்களிலிருந்து ஒருவர் கிளம்பிப் போனார், வீட்டில் சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் செலவழிக்க முடிந்தது கூடியது. அருமையான முடிவு. எவிடென்ஸ் ஆக்‌ஷன் என்ற அமைப்பு இதைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றது. கிவ்வெல் என்ற மதிப்பீட்டு அமைப்பு 2017இல் அதைத் தன் சிறந்த தொண்டுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் விரிவாக்கிய திட்டத்தை அதே வருடம் மறுபடி குலுக்கல் முறையில் சோதித்தபோது, வெளியூர் போனவர்கள் எண்ணிக்கை கூடவில்லை, வருமானமும் கூடவில்லை. பிறகு ஆராய்ந்ததில் தெரிந்த ஒரு முக்கியக் காரணம் களத்தில் இருந்தது. விரிவாக்கத்தில் வழிச் செலவைக் கடனாகக் கொடுத்தார்கள். அதைக் கொடுக்கப் போன களப் பணியாளர்கள் எப்படியும் வெளியூர் போகக்கூடிய ஆட்களாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் நிரம்பியது, தொகை பட்டுவாடா ஆனது, எந்த அறிக்கையில் பார்த்தாலும் திட்டம் நன்றாக ஓடியதாகத்தான் தெரியும். களப் பணியாளரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. இலக்கை நிரப்பச் சொன்னால் யாரும் சுலபமாகக் கிடைப்பவரிடம்தான் முதலில் போவார்.

எவிடென்ஸ் ஆக்‌ஷன் இந்த முடிவை மறைக்கவில்லை. நிதி திரட்டுவதை நிறுத்தியது, 2019இல் திட்டத்தையே மூடியது. நடைமுறைச் சிக்கல்களும் அதில் சேர்ந்திருந்தன என்றாலும், தன்னுடைய பேர்போன திட்டம் பலிக்கவில்லை என்று ஒரு அமைப்பு எழுதி வெளியிட்டுவிட்டு நிறுத்துவது அபூர்வம். அதற்காகவே அவர்களிடம் எனக்குக் கூடுதல் நம்பிக்கை.

சின்ன அமைப்பு என்ன செய்வது

பத்துப் பேர் சேர்ந்து வாரக் கடைசியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் குழுவிடம் போய் முப்பது வருட ஆய்வு நடத்து என்று யாரும் கேட்கக் கூடாது. எல்லாவற்றையும் அளக்கவும் தேவையில்லை. பசித்தவருக்குச் சோறு போட்டால் பசி போனது கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே எத்தனை பேர் சாப்பிட்டார்கள், சோறு நன்றாக இருந்ததா, உண்மையில் பசித்தவருக்குத்தான் போனதா என்று பார்த்தால் போதும். ரத்ததானமும் அப்படித்தான். ஆபத்து இருப்பது ஒரு மனிதரின் குணத்தையோ பழக்கத்தையோ எதிர்காலத்தையோ மாற்றப் போகிறோம் என்று இறங்கும் வேலைகளில். அங்கே பலன் தாமதமாக வரும், வேறு நூறு காரணங்களோடு கலந்து வரும், உதவி செய்தவருக்கும் பெற்றவருக்கும் நடுவில் உருவாகும் பாசம் இரண்டு பேர் கண்ணையும் மறைக்கும்.

ஏற்கனவே யாரோ ஒழுங்காக அளந்து பலித்தது என்று காட்டிய முறையை எடுத்துக்கொண்டு, அதைச் சொன்னபடியே செய்கிறோமா என்று மட்டும் பார்ப்பது சின்ன அமைப்புகளுக்குப் பெரும்பாலும் நல்ல வழி. புதிதாக எதையாவது முயற்சி செய்கிறீர்கள் என்றால் மட்டும் ஒப்பீடு வேண்டும். திருப்தி சர்வேயைக் கைவிடச் சொல்லவில்லை. மரியாதையாக நடத்தினோமா, நேரத்துக்கு வந்தோமா என்பதற்கு அதுதான் சரியான கருவி. பலித்ததா என்பதற்கு அதைச் சாட்சியாக இழுக்காதீர்கள், அவ்வளவுதான். அப்புறம், தன்னார்வலர்களைச் சேர்க்கும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் ஒரு வருடம் தாண்டி நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். பாதியில் போனவரால் விடுபட்ட பிள்ளை இப்போது யாரோடு இருக்கிறது என்பதையும்.

அடுத்த சேர்க்கை நடக்கும்போது இருபது இடத்துக்கு நாற்பது பேர் வந்தால், பெற்றோர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் குலுக்கல் போடுங்கள். இடம் கிடைத்த இருபது பேரின் விவரத்தை எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள். இடம் கிடைக்காத இருபது பேரிடமும் சம்மதம் கேட்டு, பெயர், போன் நம்பர், இப்போது எப்படிப் படிக்கிறார்கள் என்ற விவரத்தை அதே நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து நாற்பது பேருக்கும் போன் செய்யுங்கள். நாற்பது பேரை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது. மூன்று நான்கு வருடம் விடாமல் எழுதினால் ஓரளவு தெரிய ஆரம்பிக்கும். இடம் கிடைக்காதவர்களை அடுத்த சேர்க்கையில் முதலில் எடுத்துக்கொள்கிறோம் என்று அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள், சொன்னபடி எடுத்தும் கொள்ளுங்கள்.